துருத்தோலி பூத்த வாரம்

பெருவிரல் நகத்தைக் காம்பில் வைத்து ஒரு கிள்ளு, அவ்வளவுதான், பூ தானாகக் கைக்குள் விழுந்துவிடுகிறது, இவ்வளவு சுலபமான காரியத்துக்கா ஒன்பது வருஷம் காத்திருந்தோம் என்று ரெஜினாளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. மூங்கில் ஏணியின் ஆறாவது படியில் நின்றிருந்தாள். அறுபத்து மூன்று வயதுக்கு ஆறாவது படி கொஞ்சம் அதிகம்தான், வலது முழங்கால் நாலாவது படியிலேயே மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தது, முழங்காலிடம் உத்தரவு வாங்கிக்கொண்டா இதையெல்லாம் செய்ய முடியும். ஒரு கொத்துக்கு ஐந்து பூ, சிலதில் ஆறு. நடுவில் இருப்பதுதான் முதலில் விரியும், நல்ல காயாகிறதும் அதுதான், அதை முதலில் கிள்ளினாள். பிறகு சுற்றியிருக்கிற மொட்டுகள், வெளியே ரோஜா நிறமும் உள்ளே வெள்ளையுமாக, இன்னும் வாய் திறக்காதவை. எல்லாவற்றையும் இடுப்பில் கட்டியிருந்த சிமெண்டுச் சாக்கில் போட்டாள். கொடைக்கானல் மேல்மலையின் மூடுபனி இப்போதுதான் பள்ளத்தைவிட்டு எழுந்து போயிருந்தது. கீழே, முள்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், வைரவேலின் நாற்பது ஆப்பிள் மரங்களும் ஒரே உயரத்தில், ஒரே ஜாதியில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்கிற மாதிரி வரிசையாக நின்று பூத்திருந்தன. பூக்கட்டும். நன்றாகப் பூக்கட்டும். பூத்து என்ன செய்ய. ஆப்பிள் பூ தன் சொந்த ஜாதியின் மகரந்தத்தில் காய் பிடிக்காது, வேறு ஜாதி மரத்திலிருந்து தேனீ கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அந்த நாற்பதுக்கும் சுற்றுவட்டாரத்தில் இந்த வாரம் பூக்கிற வேறு ஜாதி மரம் ஒன்றே ஒன்றுதான், அதன்மேல்தான் ரெஜினாள் ஏணி சாத்தி நிற்கிறாள். அவளுடைய மற்ற இருபத்து மூன்று மரங்களும் முன்னமே பூத்து உதிர்த்து முடித்துவிட்டன. இந்தத் துருத்தோலி மட்டும் எப்போதும் கடைசி. இதெல்லாம் வைரவேலுக்குத் தெரியாது. மூன்று வருஷமாகத் தன் மரங்கள் காய்த்துத் தள்ளுவது தன் கைராசி என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நினைக்கட்டும், ஆகஸ்டில் தெரிந்துவிடும் அந்தக் கைராசி.

நேரில் பார்த்தால் தம்பி, வாங்க, போங்க. மனதுக்குள் அவன்தான், சில நாள் அதைவிடவும் கீழே. ஆகஸ்டுக்கு அவன் போர்டு வைத்துவிட்டான், மெயின் ரோட்டுத் திருப்பத்தில், ஆள் உயரத்துக்கு, உங்கள் கையாலேயே ஆப்பிள் பறியுங்கள் என்று, பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை ஆப்பிளைக் கடிக்கிற படம், அந்தக் குழந்தை இந்த மலையை எங்கே பார்த்தது. அவன் கட்டியிருக்கிற மூன்று காட்டேஜிலும் ஆள் வருமாம், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருமாம், கையில் கூடையைக் கொடுத்து மரத்தடிக்கு அனுப்புவானாம். வரட்டும். வெறும் இலையைப் பார்த்துவிட்டுப் போகட்டும். அந்தப் பிள்ளைகள் அழ வேண்டும், அவர்களுடைய அப்பன்மார்கள் இவனைப் பார்த்து என்னய்யா இது என்று கேட்க வேண்டும், இவன் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த முழிக்க வேண்டும். அந்த முழியை நினைத்ததும் ரெஜினாளின் கை வேகமெடுத்தது, வேகத்தில் ஒரு கொத்தோடு இலையும் சேர்ந்து பிய்ந்து வந்தது, உடனே மனது சுருக்கென்றது, இலையை ஏன் பிய்க்கிறாய், இலை என்ன பாவம் செய்தது. மன்னிச்சுக்கம்மா என்றாள் மரத்திடம். அப்புறம், பூ மட்டும் என்ன பாவம் செய்ததாம் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, அது செத்துப்போன புருஷன் சவரிராயனின் குரல் மாதிரி இருந்தது, கொஞ்சம் கேலியாக. நீங்க சும்மா இருங்க என்று அதை அடக்கினாள். இருக்கும்போதும் அவர் இப்படித்தான், யாரையும் ஒரு வார்த்தை சொல்ல விட மாட்டார், மரத்துக்கு இருக்கிற பொறுமை மனுஷனுக்கு வேணும் ரெஜி என்பார். பொறுமையாகத்தானே இருந்தேன். ஒன்பது வருஷம் என்ன கொஞ்சமா. கொட்டை போட்டிருந்தால் அது முளைத்து மரமாகிக் காய்த்தே இருக்கும்.

சவரிராயனின் தாத்தா ஒரு வெள்ளைக்காரச் சாமியாரின் பங்களாத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சாமியார் ஊருக்குக் கப்பலேறும்போது நீயே வைத்துக்கொள் என்று இரண்டு ஒட்டுச்செடிகளைக் கொடுத்துவிட்டுப் போனார், அதற்கெல்லாம் இங்கிலீஷில் என்னவோ பேர் இருந்திருக்கும், அது அவரோடு போய்விட்டது, இந்த வீட்டில் வைத்த பேர்தான் நிலைத்தது. ஒன்று துருத்தோலி. தோல் முழுக்கத் துருப்பிடித்த தகரம் மாதிரி சொரசொரவென்று இருக்கும், டூரிஸ்டுகள் எடுத்துப் பார்த்துவிட்டு உருளைக்கிழங்கா என்று கேட்டுக் கீழே வைத்துவிடுவார்கள், கடித்தவர்கள் மட்டும் அடுத்த வருஷம் தேடிக்கொண்டு வருவார்கள். அக்டோபரில்தான் பழுக்கும், பறித்து வைக்கோலில் வைத்தால் கிறிஸ்துமஸ் வரை வீடே மணக்கும். இன்னொன்று வரிச்சிவப்பி. ஜூலையிலேயே வந்துவிடும், மஞ்சள் தோலில் சிவப்புச் சிவப்பாக வரி, ஓடிவந்து முதல் ஆளாகக் காய்க்கிற ஜாதி, நாலு நாள்கூட வைத்திருக்க முடியாது, பறித்த அன்றே தின்ன வேண்டும். இரண்டும் காய்ப்பதில்தான் அப்படி முன்னே பின்னே, பூக்கிறது மட்டும் ஒரே வாரத்தில், இவளுக்கு அவள் மகரந்தம், அவளுக்கு இவள் மகரந்தம், எண்பது தொண்ணூறு வருஷம் அப்படியே ஓடியது. கல்யாணமாகி வந்த புதிதில் ரெஜினாளுக்கு ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் வித்தியாசம் தெரியாது, சவரிராயன்தான் இலையைக் கசக்கி முகரக் கொடுத்தார், ஊர் ஊராகப் போய்ப் பழைய பங்களாக்களில் கேட்பாரற்று நின்ற மரங்களிலிருந்து குச்சி வெட்டிக்கொண்டு வருவார், இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒட்டுக் கட்டுவார்கள். இன்றைக்கு நிற்கிற இருபத்து மூன்றும் அப்படி வந்தவை, ஒன்பது ஜாதி, எல்லாவற்றிலும் இரண்டு மூன்று வைத்தார்கள், இந்த இரண்டு கிழவிகளை மட்டும் ஒட்டுக் கட்டவே தோன்றவில்லை. அதுதான் வாசலிலேயே நிற்கிறதே என்று விட்டுவிட்டார்கள். கையெட்டும் தூரத்தில் இருப்பதை யார் பத்திரப்படுத்தினார்கள். துருத்தோலியைக்கூட அப்புறம்தான் புத்தி வந்து ரெஜினாள் நாலு கன்றில் ஒட்டினாள், அவை இன்னும் இடுப்பளவுதான் நிற்கின்றன, பூக்க நாளாகும்.

வரிச்சிவப்பி நின்றது வேலியோரம். சர்வேயர் வந்து கல் நட்டபோது கல்லுக்கு அந்தப் பக்கம் இரண்டடி தள்ளிப் போய்விட்டது, அதனால் சட்டப்படி அது வைரவேலின் மரம், அதில் ஒன்றும் சொல்வதற்கில்லை. வத்தலக்குண்டில் இரும்புக்கடை வைத்திருந்தவன் அப்போதுதான் கீழ்த் தோட்டத்தை வாங்கி மேலே வந்திருந்தான். மரம் உங்க மரம்தானேக்கா, கல்லு கிடக்குது விடுங்க என்றான், ரெஜினாளும் நம்பினாள். அந்த ஜூலையில்தான் சவரிராயனுக்கு வயிறு வீங்கி மதுரைக்குக் கொண்டுபோனது. பன்னிரண்டு நாள். தலைக்குமேல் ஒரு ஃபேன், சுற்றும்போது டக், டக் என்று ஒரு சத்தம், இன்றைக்கும் அந்தச் சத்தம் எங்காவது கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவாள். பத்தாவது நாள் அவர், வரிச்சிவப்பி பழுத்திருப்பாள்ல என்றார். வேறொன்றும் கேட்கவில்லை அந்த மனுஷன், ஒரு வாய் ஆப்பிள். ரெஜினாள் வராந்தாவுக்கு ஓடிப்போய் வைரவேலுக்குப் போன் போட்டாள், தம்பி, பத்துக் காய் பறிச்சு பஸ்ஸுல குடுத்து விடுறீங்களா. மறுநாளே கூடை வந்துவிட்டது. பத்துக் கேட்டால் ஐம்பது அறுபது காய், இலையும் குச்சியுமாக, மேலே ஈரத்துணி போட்டு மூடி. பறிக்கத் தெரியாத ஆள், குச்சியோடு ஒடித்திருக்கிறார் என்று அவளுக்கு ஒரு விநாடி தோன்றியது, தோன்றியதை மறந்தாள். கால் துண்டுதான் அவர் தின்றார். மிச்ச நேரமெல்லாம் ஒரு பழத்தைக் கைக்குள் வைத்திருந்தார், மறுநாள் விடிகாலையில் அந்தக் கையை விரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கூடை வந்த அன்றைக்கே அவள் வைரவேலுக்கு மறுபடி போன் போட்டிருந்தாள். நீங்க நல்லா இருக்கணும் தம்பி, உங்க புள்ளகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும், ரொம்ப நன்றி தம்பி. அழுதுகொண்டே சொன்னாள். அவன், இதுல என்னக்கா இருக்கு என்றான். இந்த வாய்தான். இதே வாய்தான் சொன்னது. அந்த நன்றியைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ள வழியிருந்தால் ரெஜினாள் நாக்கை அறுத்துக்கொண்டுகூடப் பிடுங்கியிருப்பாள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்தான் வேலிப்பக்கம் போனாள். வரிச்சிவப்பி நின்ற இடத்தில் வானம் இருந்தது. அடிக்கட்டை மட்டும், முழங்கால் உயரம், வெட்டின ஈரம் இன்னும் காயவில்லை, சுற்றிலும் மரத்தூள். வைரவேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தான், முகத்தில் துக்கம்கூட இருந்தது, அதுதான் கொடுமை. காட்டேஜு ஜன்னலுக்கு நேரா நின்னுச்சுக்கா, பள்ளத்தாக்கே தெரியல, வியூ இல்லாம எவன் வருவான், சொல்லிட்டுச் செய்யலாம்னுதான் இருந்தேன், நீங்க ஆஸ்பத்திரியில அந்த நெலமையில இருக்கறப்ப எப்படிச் சொல்றது. அப்புறம் அவளுக்கு ஆறுதல் சொல்கிற தினுசில் ஒன்று சொன்னான். ஒரு காயக்கூட வீணாக்கலக்கா, சாய்ஞ்சதுக்கப்புறம் ஏணிகூடத் தேவைப்படல, உக்காந்துகிட்டே பறிச்சோம், அதத்தான் அண்ணனுக்கு அனுப்பி வச்சேன். அவள் அழுவதற்குள் என்ன சொல்லலாம் என்று தேடியவன் மாதிரி அவன் கண்ணை ஓடவிட்டு, மேட்டில் நிற்கிற துருத்தோலியைப் பார்த்துவிட்டான். பார்த்து, அதைக் காட்டி, அதான் இன்னொண்ணு நிக்குதுல்லக்கா என்றான்.

அதான் இன்னொண்ணு நிக்குதுல்ல. அரிசி களையும்போது, செபமாலை உருட்டும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது அந்த மூன்று சொல் எங்கிருந்தாவது வந்து பல்லிடுக்கில் நார் மாதிரி மாட்டிக்கொள்ளும். இரண்டு பிள்ளை பெற்றவளிடம் ஒன்றைப் புதைத்துவிட்டுச் சொல்லிப் பார்க்கட்டுமே. ஆனால் அதைவிட ஆழத்தில் வேறொன்று இருந்தது, அதன் பக்கத்தில் போகவே அவளுக்குப் பயம், இப்போது ஆறாவது படியில் நிற்கும்போதும் அது வந்தது. அந்தக் குச்சிகள். கூடையில் வந்த குச்சிகள், இலை வாடாமல், ஒவ்வொரு இலையடியிலும் ஒரு கண்ணோடு, ஜூலை மாதம் கண் ஒட்டுப் போடுவதற்கு அதைவிட நல்ல குச்சி கிடைக்காது. முப்பது வருஷம் ஒட்டுக் கட்டிய கை அது. அந்தக் கைதான் குச்சிகளையெல்லாம் பழத்திலிருந்து ஒடித்து ஒடித்து வார்டு மூலையில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டது. ஈரத்துணியில் சுருட்டிப் பையில் வைத்திருந்தால் போதும், வரிச்சிவப்பி இன்றைக்கு இருந்திருப்பாள். எனக்கு எப்படித் தெரியும், மரத்தைச் சாய்த்துவிட்டான் என்று கனவா கண்டேன், அவர் சாகக் கிடக்கிறார். தெரியாதுதான். ஆனாலும் போட்டது என் கை. இந்த இடம் வரும்போதெல்லாம் ரெஜினாள் அவசர அவசரமாக வைரவேலிடம் திரும்பிப் போய்விடுவாள், அவனை வெறுப்பது எவ்வளவோ சுலபம். அடுத்த வருஷம் அடிக்கட்டையைச் சுற்றித் துளிர் கிளம்பியபோது அவன் கூப்பிட்டுக் காட்டினான், பாத்தீங்களாக்கா, உசுரு போகல, மறுபடி வந்துட்டா பாருங்க. அவளும், சகலமும் தெரிந்தவள், அந்தத் துளிர் ஒட்டுக்குக் கீழே வேரிலிருந்து வருகிறதா மேலே கட்டையிலிருந்து வருகிறதா என்று மண்ணை விலக்கிப் பார்க்காமல் ஆசையில் வெட்டிக்கொண்டு ஓடி நாலு கன்றில் கட்டினாள். நாலு வருஷம் தண்ணீர் ஊற்றினாள். காய்த்தது கோலிக்குண்டு அளவில், பச்சையாக, வாயில் வைத்தால் நாக்கை இழுக்கிற கசப்பு. வரிச்சிவப்பி இல்லை, அவளை ஒட்டியிருந்த வேர்ச்செடியின் காட்டுக்காய். அன்றைக்கு நாலையும் வெட்டிவிட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள், அவர் செத்ததற்குக்கூட அப்படி அழவில்லை. துணையை இழந்த துருத்தோலியும் ஆறு வருஷம் பேருக்கு நாலு காய் காய்த்தாள், கல்லறைத் திருநாளுக்கு அவர் தலைமாட்டில் வைக்க அந்த நாலு போதும், வேறெதற்கும் ஆகாது. பிறகு வைரவேல் நட்ட நாற்பதும் பருவத்துக்கு வந்து, அதுவும் இதே வாரத்தில் பூக்க, இவளும் மறுபடி கொத்துக் கொத்தாகக் காய்க்க ஆரம்பித்தாள். அதுவும் ஒரு வயிற்றெரிச்சல். கொன்றவன் வீட்டுச் சோற்றைத் தின்று பிழைக்கிற மாதிரி.

கிழக்குப் பக்கம் முடிந்தது, தெற்குப் பக்கம் முடிந்தது. ஏணியை நகர்த்தி மேற்கே சாத்தினாள். இங்கே பூ அடர்த்தி, ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கிள்ளினாள். நகமெல்லாம் பச்சை, விரலில் ஒரு லேசான வாசனை, நல்ல வாசனைதான், அதை நினைக்கக் கூடாது. தேனீ ஒன்று அவள் கிள்ளி முடித்த கொத்தில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, மறுபடி எழும்பி, மறுபடி அதே வெறுங்காம்பில் வந்து உட்கார்ந்தது. போ, போ, இங்க ஒண்ணும் இல்ல. தவக்காலம் வேறு. வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டும், சாமியார் புதுசு, சின்னப் பையன், அவரிடம் என்னவென்று சொல்வது. பூப் பறித்தேன் சாமி. யாருடைய பூ? என் பூதான் சாமி, என் மரம்தான். அதில் என்னம்மா பாவம்? அதைத்தான் சாமி நானும் கேட்கிறேன். நினைத்தபோது சிரிப்பு வந்தது, சிரித்ததில் ஏணி ஆடியது, பயந்துபோய்க் கிளையைக் கட்டிக்கொண்டாள். இங்கிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தால் முதலில் ஓடிவந்து தூக்குகிறவன் அவனாகத்தான் இருப்பான், தன் ஜீப்பிலேயே வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவான், மறுபடி அவனுக்கு நன்றி சொல்ல வேண்டிவரும். அதற்குச் செத்தே போகலாம். இந்த வருஷம் நவம்பரில் கல்லறைக்கு வைக்கக் காய் இருக்காது. அதுதான் ஒன்று. விடிகாலையில் ஏணியைத் தூக்கும்போதே அதை நினைத்துத்தான் தூக்கினாள், ஒரு வருஷம் மெழுகுவர்த்தி மட்டும் போதும், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனாலும் அது மனதில் ஒரு ஓரமாகக் கிடந்து உறுத்தியது.

“என்னக்கா, காலங்காத்தாலயே ஏணியில?”

வைரவேல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். குல்லாய், ஸ்வெட்டர், கையில் டீ டம்ளர். பிடிபட்டேன். இத்தனை நாள் இல்லாமல் இன்றைக்கா இவன் இந்நேரத்துக்கு வர வேண்டும். அவள் கை மட்டும் நிற்கவில்லை, ஒரு கொத்து, இன்னொரு கொத்து.

“பூவயெல்லாம் பறிக்கிறீங்களா?”

“ஆமா தம்பி.”

“எல்லாத்தையுமா?”

“பறிக்க வேண்டியிருக்கு” என்றாள். அதில் பொய் இல்லை.

அவன் டீயைக் குடித்தான். துருத்தோலியைக் கீழிருந்து மேல்வரை பார்த்தான், திரும்பித் தன் மரங்களைப் பார்த்தான், மறுபடி இவளைப் பார்த்தான். “சரிக்கா, பாத்து, வழுக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். போனவன் முதுகையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்துவிட்டதா? தெரியாது. இரும்பு ஆணியில் எத்தனை ரகம் என்று கேட்டால் சொல்வான், மரத்தைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும், இவள் செய்வதைப் பார்த்துச் செய்வதைத் தவிர. டிசம்பரில் குளிர் பத்தாமல் மரம் தூங்காது என்று இவள் இலையெல்லாம் உருவிவிட்டால் மறுநாள் அவன் நாற்பதையும் மொட்டையடித்திருப்பான். அடிமரத்துக்குச் சுண்ணாம்பு பூசினால் அங்கேயும் சுண்ணாம்பு. கிளை விரிவதற்குக் கல் கட்டித் தொங்கவிட்டால் அங்கேயும் கல், அதுவும் கிளை முறிகிற பெரிய கல்லாக. ஒருமுறை எந்தக் கிளையை வெட்டுவது என்று அடையாளத்துக்காக ஒரு சிவப்புச் சேலைக் கிழிசலைக் கட்டி வைத்தாள், இரண்டு நாளில் அவன் நாற்பது மரத்திலும் சிவப்புத் துணி கட்டியிருந்தான், புதுத் துணி, பார்டரோடு. கண்ணேறு கழிக்கவாக்கா என்று கேட்டான், அவளும் ஆமா தம்பி என்று சொல்லிவைத்தாள். அதை நினைத்துக்கொண்டே கிள்ளியவளுக்குச் சட்டென்று கை நின்றது.

கீழே ஏணி இழுபடுகிற சத்தம். ஒரு ஏணி இல்லை, மூன்று. வேலைக்கு வருகிற பெண்கள் நாலைந்து பேர் முக்காட்டை இறுக்கிக்கொண்டு வரிசைக்குள் போனார்கள், ஆளுக்கொரு சாக்கு. வைரவேல் நடுவில் நின்று கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னான். முதல் மரத்தில் ஏறியவள் பூவைக் கிள்ளிச் சாக்கில் போட்டாள்.

ரெஜினாள் கிளையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இப்படியும் ஒன்று நடக்குமா. நான் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் கையால் தன் கண்ணைக் குத்திக்கொள்கிறான், அதுவும் ஆள் வைத்து. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணில் நீர் முட்டியது, சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன், ஒன்பது வருஷத்தில் இப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை. அப்படியானால் நான் எதற்கு இன்னும் பறிக்க வேண்டும்? அவன் பார்க்கப் பறித்தால் போதாதா? வடக்குப் பக்கம் ஒரு பெரிய கிளை மீதி இருந்தது, பாறைமேல் சாய்ந்து அந்தப் பக்கச் சரிவுக்குள் இறங்கியிருக்கிற கிளை, கீழிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அதை விட்டுவிடலாம். அதில் இருபது காயாவது வரும், கல்லறைக்கும் ஆச்சு, வைக்கோலுக்கும் ஆச்சு. அவனுக்கு ஒன்றும் இல்லை, எனக்கு ஒரு கிளை. கேட்டீர்களா என்று சவரிராயனிடம் சொன்னாள், உங்களுக்கும் காய் உண்டு. வெறுங்காம்பில் ஏமாந்த தேனீ இப்போது அந்தக் கிளைக்குப் போயிருந்தது, ஒரு பூவுக்குள் தலையை நுழைத்துப் புரண்டுவிட்டு மஞ்சள் காலோடு எழும்பியது, எழும்பி நேராக வேலியைத் தாண்டிக் கீழே போயிற்று. ரெஜினாள் அது போகிற திக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு இறங்கிவிட்டது. அங்கே பூ இருந்தால்தானே அது மகரந்தத்தோடு திரும்பி வரும். அந்த நாற்பதும் மொட்டையாகிவிட்டால் இந்தக் கிளை எதை வைத்துக் காய் பிடிக்கும், துருத்தோலிக்கு மட்டும் சொந்த மகரந்தம் ஒட்டுமா என்ன. இவ்வளவு தெரிந்தவள் இதை மறந்துவிட்டாயே. குச்சியைக் குப்பையில் போட்ட அதே கை, அதே தலை.

ஒரு மணி நேரத்தில் பாதி வரிசை காலியாகிவிட்டது. கத்தி நிறுத்தச் சொல்லலாம். நிறுத்தினால் அவனுக்குக் காய்த்துவிடும், அந்த ஜன்னலில் ஜனம் வந்து நிற்கும், வரிச்சிவப்பி நின்ற வெட்டவெளியைப் பார்த்து ஆஹா என்ன வியூ என்று சொல்லும். முடியாது. வாயை மூடிக்கொண்டால் அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, விடிகாலையில் அப்படித்தானே நினைத்து ஏறினேன். அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது ஒரு கிளையை மீதி வைப்பதற்கு முந்தி. ஒரு தடவை ஆசை வந்துவிட்டால் அப்புறம் இல்லை என்று இருக்க முடிகிறதா. அவர் கை பழத்தை மூடிக்கொண்டு கிடந்தது ஞாபகம் வந்தது. கடைசி வரை விடாமல் பிடித்திருந்த கை.

வைரவேல் மூச்சு வாங்க மேடேறி வேலிக்கு வந்தான். குல்லாயில் இரண்டு இதழ் ஒட்டியிருந்தது.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். மொத்தத்தையும் எடுத்துரணுமா, இல்ல கொஞ்சம் விடணுமா?”

வெள்ளிக்கிழமை பூப் பறித்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, கேள்வி கேட்டுவிட்டான், இனி சொல்லப் போவதுதான் பாவம், அது எதுவானாலும். வேலியோரம் பார்த்தாள். பழைய அடிக்கட்டைக்குப் பக்கத்திலேயே, அவன் நட்ட நாற்பதில் ஒன்று, வரிசையின் கடைசி மரம், இன்னும் யாரும் ஏணி சாத்தாமல் முழுசாகப் பூத்து நின்றது. இங்கிருந்து கல்லெறி தூரம்கூட இல்லை. தேனீக்கு ஒரு மூச்சு.

“இந்தா, வேலியோரம் நிக்குதே, அந்த மரத்தத் தொடாதீங்க” என்றாள். “மத்ததயெல்லாம் எடுத்துருங்க.”

“ஒரே மரமா?” அவன் திரும்பிப் பார்த்தான். “நாப்பதுல ஒண்ணு போதுமாக்கா?”

“அதான் ஒண்ணு நிக்குதுல்ல, தம்பி.”

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். ஒன்பது வருஷம் வைத்திருந்து கொடுக்கிறாள், ஏதாவது ஒரு சின்ன அசைவு, ஒரு நெற்றிச் சுருக்கம், அதற்காகக் காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. அந்த முகம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. இவள் தினம் எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த சொல்லை அவன் சொன்ன அன்றைக்கே தொலைத்துவிட்டிருந்தான். கீழே திரும்பிக் குரல் கொடுத்தான், “ஏய், வேலியோரத்து மரத்த விட்டுருங்க, அக்கா சொல்லிட்டாங்க!” பிறகு இவள் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

“நல்லவேள கேட்டேன். இல்லன்னா அதயும் உருவிப் போட்டிருப்பேன். நீங்க இல்லன்னா எனக்கு என்னக்கா தெரியும். ரொம்ப நன்றிக்கா.”

“இதுல என்ன இருக்கு” என்றாள் ரெஜினாள். அவன் போன பிறகு, இடுப்புச் சாக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, படி படியாக இறங்கத் தொடங்கினாள்.